நிலம் பேணலும் விழுமியக் கல்வியும்: புனே வட்டாரத் தேவராயிகளை முன்வைத்து

முன்னுரை

ஒரு சமூகம் தன் விழுமியங்களை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு கையளிக்கிறது என்னும் வினாவிற்கு நூல், வழிபாடு, பள்ளி, பெரியோர் வாய்மொழி எனப் பல விடைகள் கூறப்பெறுகின்றன. நிலத்தைப் பேணும் செயலே ஒரு கல்வியாக இயங்கியது என்னும் விடை அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. நிலம் வாழ்வாதாரம் என்ற அளவிலும், வழிபடு பொருள் என்ற அளவிலும் ஆராயப்பட்டுள்ளது. நிலமே ஆசிரியனாக நின்று அளவறிந்து கொள்ளல், அனுமதி வேண்டல், பொதுவுடைமை காத்தல் ஆகிய பண்புகளைப் பயிற்றியமை தனித்து ஆராயத்தக்கது.

மராட்டிய மாநிலம் புனே நகரின் மேற்கு விளிம்பில் உள்ள வாகட் தொடங்கி, முளா ஆற்றின் மேற்பகுதியாகிய மேற்குத்தொடர்ச்சி மலைச்சரிவு வரையிலான நிலப்பரப்பில் வழங்கும் 'தேவராயி' என்னும் தெய்வக்காட்டு மரபை இக்கட்டுரை ஆய்வுப் பொருளாகக் கொள்கிறது. அதனைத் தமிழக மரபோடும் ஹவாய்த் தீவுகளின் நிலம் பேணும் மரபோடும் ஒப்பிட்டு, பேணும் உரிமை ஊராரிடமிருந்து நீங்கும்போது விழுமியத்திற்கு நேர்வது யாது என்பதை ஆராய்கிறது.

மராட்டியச் சான்றுகள் தமிழாய்வுக்கு எவ்வகையில் பயன்படும் என்ற ஐயம் எழலாம். புனேயின் மேற்கே நிற்கும் சஹ்யாத்திரியும் தமிழகத்தின் மேற்கு எல்லையாகிய குறிஞ்சி நிலமும் ஒரே மலைத்தொடரைச் சார்ந்தவை. பீமாசங்கர், மகாபலேசுவரம் ஆகிய பகுதிகளின் காடுகளில் 'அஞ்சனி' என்று மராட்டியர் வழங்கும் மரம் மிகுதி. சங்க இலக்கியம் முல்லை நிலத்திற்குரியதாகப் போற்றும் காயாவின் இனமே அது. கருப்பொருள் ஒன்றாக இருப்பின், அக்கருப்பொருளைச் சூழ்ந்த பண்பாட்டு நடத்தைகளையும் ஒப்பிட்டுக் காண்பது முறையாகும்.

வாகட்: ஊரும் தெய்வமும்

வாகட் அண்மைக்காலம் வரை வேளாண் சிற்றூராக இருந்தது. 1997ஆம் ஆண்டு பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. அருகிலுள்ள ஹிஞ்சவடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வளர்ந்தபின் வயல்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாயின. இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் பணியின் பொருட்டு வந்தவர்கள் இன்று இங்கு வாழ்கின்றனர். அவர்களுள் தமிழரும் உளர்.

நிலம் மாறியபோதும் ஊர்த்தெய்வம் மாறவில்லை. ம்ஹாதோபா என்பது வாகட், ஹிஞ்சவடி ஆகிய இரண்டு ஊர்களுக்கும் பொதுவான காவல் தெய்வம். சைத்திர மாத முழுநிலவையொட்டி நிகழும் திருவிழாவில் 'பகாட்' எனப்பெறும் சடங்கு இடம்பெறுகிறது. உயர்ந்த மரத்தூணில் குறுக்குக் கட்டை பொருத்தி நேர்த்திக்கடன் செலுத்தும் இச்சடங்கு தமிழகத்து அம்மன் கோயில்களின் செடில் விழாவோடு ஒப்பிடத்தக்கது. மென்பொருள் நிறுவனங்களின் கட்டடங்களுக்கிடையே ஆண்டுதோறும் இவ்விழா நிகழ்கிறது.

இத்தகைய தெய்வங்களின் வரலாற்றை ஆராய்ந்தோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். புனேயில் வாழ்ந்த டி. டி. கோசாம்பி, 1962இல் வெளிவந்த 'தொன்மமும் உண்மையும்' என்னும் பொருள்படும் தம் ஆங்கில நூலில், புனேயைச் சூழ்ந்த தாய்த்தெய்வ இடங்கள் பழைய வழித்தடங்கள் கூடும் இடங்களில் அமைந்திருத்தலைக் கள ஆய்வின்வழி எடுத்துக்காட்டினார். செருமானிய அறிஞர் குந்தர் சொந்தைமர் பிரோபா, ம்ஹஸ்கோபா, கண்டோபா ஆகிய ஆயர் தெய்வங்களைப் பற்றிய தம் நூலை 1976இல் வெளியிட்டார். 'வனம்', 'க்ஷேத்திரம்' என்னும் இரண்டு நிலங்களுக்கு இடைப்பட்ட உறவாக இத்தெய்வங்களை அவர் விளக்கினார். காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் பிறந்த தெய்வம் குடியிருப்புக்கு வந்து கோயில் கொள்கிறது. எனினும் தன் காட்டுத் தொடர்பை முற்றிலும் விடுவதில்லை. தமிழில் காடு, நாடு என்னும் இணைச் சொற்கள் குறிக்கும் உறவும் இதுவே.

வாகடை ஒட்டிச் செல்லும் முளா ஆற்றின் மேற்பகுதி வேறொரு வரலாற்றையும் உடையது. முளசியில் டாடா குழுமம் மின் உற்பத்திக்காக அணை கட்ட முற்பட்டபோது, நிலம் இழக்கவிருந்த மாவள் உழவர்கள் 1921இல் சத்தியாகிரகம் தொடங்கினர். தலைமையேற்ற பாண்டுரங்க மகாதேவ பாபட் இப்போராட்டத்தின் வழியாகவே 'சேனாபதி' எனப் பெயர் பெற்றார். உயிர் அல்லது நிலம் என்பதே உழவர்களின் முழக்கமாக இருந்தது. அணை கட்டப்பட்டது, ஊர்கள் நீரில் மூழ்கின. உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என இதனை மதிப்பிட்ட ராஜேந்திர வோராவின் ஆய்வு நூல் 2009இல் வெளிவந்தது. நிலத்தை விலை கொடுத்து ஈடுசெய்யலாம் என்று கருதிய நிறுவனத்திற்கும், ஈடுசெய்ய இயலாது என்று நின்ற உழவர்க்கும் இடையிலான முரண் வெறும் பொருளியல் முரணன்று. நிலம் என்பது யாது என்பதில் இரு தரப்பாரும் கொண்டிருந்த கருத்தே வேறு.

தேவராயி: அமைப்பும் ஒழுகலாறும்

'தேவராயி' என்பது தெய்வத்திற்குரிய மரச்செறிவு எனப் பொருள்படும் மராட்டியச் சொல். இதனையொத்த அமைப்புகள் தமிழகத்தில் கோயில்காடு, சாமிக்காடு என்றும், கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் காவு என்றும், குடகில் தேவரகாடு என்றும், இராசத்தானத்தில் ஓரண் என்றும், சார்க்கண்டில் சர்ணா என்றும் வழங்குகின்றன. புனே மாவட்டத்தின் மலைப்பகுதிகளில் காளூபாய், வாக்ஜாய், சோம்ஜாய் முதலிய தாய்த்தெய்வங்களும் பைரோபா, ம்ஹசோபா முதலிய ஆண் தெய்வங்களும் இக்காடுகளுக்கு உரியனவாகக் கருதப்படுகின்றன. தெய்வம் பெரும்பாலும் செந்தூரம் பூசிய கல்லாகவே இருக்கும். பல இடங்களில் கூரையும் இராது. மர நிழலே கோயில்.

தேவராயியின் ஒழுகலாறுகள் எளியவை. பச்சை மரத்தை வெட்டலாகாது. சில இடங்களில் உதிர்ந்த சுள்ளியையும் வீட்டிற்கு எடுத்துச் செல்லலாகாது. ஊர்ப் பொதுத் தேவைக்கு ஒரு மரம் இன்றியமையாததாயின், தெய்வத்திடம் 'கௌல்' கேட்க வேண்டும். தெய்வத்தின்மேல் ஒட்டவைத்த பூவோ இதழோ எந்தப் பக்கம் விழுகிறது என்பதைக் கொண்டு இசைவும் மறுப்பும் அறியப்படும். தமிழகச் சிற்றூர்களின் பூக்கேட்டல் வழக்கத்தை இது அப்படியே ஒத்துள்ளது.

கௌல் கேட்டலைக் குறிசொல்லும் நம்பிக்கையாக மட்டும் கொள்வது அதன் சமூகப் பயனைக் காணத் தவறுவதாகும். ஒருவர் மரம் வேண்டுமென்றால் அதை ஊரறியக் கேட்க வேண்டும். தேவை யாது, அது தனக்கா பொதுவுக்கா என்பதைப் பிறர்முன் எடுத்துரைக்க வேண்டும். மறுக்கப்படின் பணிய வேண்டும். சிறுவர்கள் இதனைக் கண்டே வளர்கின்றனர். தேவை வேறு, விருப்பம் வேறு என்பதையும், தன் கைக்கு எட்டுவன யாவும் தனக்குரியன ஆகா என்பதையும் எந்தப் பாடநூலும் இன்றி அவர்கள் கற்கின்றனர். நிலம் பேணல்வழிக் கல்வி என இக்கட்டுரை குறிப்பது இதனையே.

இவ்வமைப்பை முதன்முதலில் எழுத்தில் பதிந்த அயலவருள் பிரான்சிசு புக்கானன் ஒருவர். 1800ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடக் கரை, மலபார் ஆகிய பகுதிகளில் பயணம் செய்த அவர், கார்வார்ப் பகுதிக் காடுகள் ஊர்த்தெய்வங்களுக்கு உடைமையாகக் கருதப்பட்டதையும், ஊர்த்தலைவரும் பூசாரியுமான கவுடரின் இசைவின்றி மரம் வெட்டக் கூடாதென்று இருந்ததையும் எழுதினார். இசைவளிப்பதற்குத் தெய்வம் எதுவும் பெறுவதில்லை என்பதையும் குறித்தார். ஆயினும் அவர் எட்டிய முடிவு வியப்புக்குரியது. அரசு தன் உடைமையைக் கோராதபடி தடுக்கும் சூழ்ச்சியே இது என அவர் கருதினார். காடு ஊராருடையதாக இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றவில்லை. பிற்காலக் காட்டுச் சட்டங்களின் கருத்தியல் வித்து இக்குறிப்பிலேயே உள்ளது எனலாம். 1865, 1878 ஆகிய ஆண்டுகளின் இந்தியக் காட்டுச் சட்டங்கள் காட்டை அரசுடைமையாக வரையறுத்தன. பல தெய்வக்காடுகள் ஊரார் பேண, ஏட்டில் காட்டுத்துறையின் அல்லது வருவாய்த்துறையின் நிலமாயின.

கானி ஊரின் சான்று

தேவராயிகள் அறிவியல் ஆய்வுக்குப் பொருளானது புனேயிலிருந்தே. 1946இல் நிறுவப்பெற்ற மராட்டிய அறிவியல் வளர்ப்புக் கழகத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் வி. டி. வர்தக்கும், புனேயில் பிறந்த சூழலியல் அறிஞர் மாதவ் காட்கிலும் மேற்குத்தொடர்ச்சி மலையின் தெய்வக்காடுகளைக் குறித்து எழுதிய கட்டுரை 1976இல் 'பொருளியல் தாவரவியல்' என்னும் பொருள்படும் பன்னாட்டு ஆங்கில ஆய்விதழில் வெளியாயிற்று. சுற்றியுள்ள குன்றுகள் கரி எரிப்புக்கும் மர வணிகத்திற்கும் இரையாகி மொட்டையான பின்னரும், தெய்வக்காடுகள் மட்டும் பழைய காட்டின் எச்சங்களாக நிலைத்திருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இவ்வாய்வுக் காலத்தில், 1970களின் தொடக்கத்தில், கொங்கணத்தின் ஸ்ரீவர்தன் வட்டத்திலுள்ள கானி என்னும் ஊரிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. அவ்வூரின் காள்காய் தெய்வத்திற்குரிய காட்டை வெட்டுவதற்குக் காட்டுத்துறை முற்பட்டிருந்தது. ஊரார் ஆய்வாளர்களை நாடினர். அக்காட்டிலிருந்து வரும் ஓடையே தங்களுக்கு நீராதாரம் என்பதை அவர்கள் தெளிவாக உரைத்தனர். ஆய்வாளர்களின் தலையீட்டால் அக்காடு வெட்டப்படாமல் காக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, தெய்வத்தின்பால் கொண்ட அச்சமும் நீரைப் பற்றிய அறிவும் ஊராரிடம் வேறுவேறாக இருக்கவில்லை. காள்காயின் காடு என்ற சொல்லுக்குள் ஓடையின் கணக்கும் அடங்கியிருந்தது. நம்பிக்கை என்று ஒரு சாராரும், அறிவியல் என்று மறு சாராரும் பிரித்துப் பார்ப்பதை ஊரார் ஒரே நடத்தையாகக் கொண்டிருந்தனர். இரண்டாவது, காலங்காலமாகத் தாங்கள் பேணிய காட்டின்மீது முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஏட்டில் இல்லாத உரிமையை நிலைநாட்ட அவர்கள் வெளியிலிருந்து அறிஞர்களை அழைக்க வேண்டியிருந்தது. அறிஞர்களை அழைக்க இயலாத ஊர்களின் காடுகள் எத்தனை அழிந்தன என்ற வினா இங்கு எழுவது இயல்பு.

தமிழ் மரபில் நிலம் பேணல்

தமிழர் மரபில் நிலமும் நெறியும் ஒன்றையொன்று சார்ந்தே வரையறுக்கப்பட்டன. தொல்காப்பியம் முதல், கரு, உரி எனப் பொருளை வகுத்தபோது நிலத்தை முதற்பொருளாகவும், மனித ஒழுக்கத்தை அதன்மீது நிற்கும் உரிப்பொருளாகவும் வைத்தது. தெய்வமும் மரமும் நீரும் பறையும் ஒரே வரிசையில் கருப்பொருளாயின. தலங்களின் பெயர்களும் இத்தொடர்பைக் காக்கின்றன. திருமறைக்காடு, திருவாலங்காடு, தலையாலங்காடு என அமையும் பெயர்களை அப்பரின் அடைவுத் திருத்தாண்டகம் தொகுத்துக் கூறுகிறது. தில்லை என்னும் பெயரே ஒரு மரத்தின் பெயர். பிச்சாவரத்துச் சதுப்பில் அம்மரம் இன்றும் உண்டு. மாலிருஞ்சோலையின் பெயரில் சோலை உள்ளது. காடு தளர்ந்து ஒற்றைத் தலமரமாகச் சுருங்கிய வரலாறு இப்பெயர்களுக்குப் பின்னால் உள்ளது.

எனினும் தமிழ் மரபு முழுவதும் காட்டைப் போற்றியதாகக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. காட்டை அழித்து நாடாக்கியதையும் குளம் தொட்டு வளம் பெருக்கியதையும் கரிகாலனின் பெருமையாகப் பட்டினப்பாலை கூறுகிறது. காடழித்தலும் காடு காத்தலும் ஒரே மரபின் இரண்டு முகங்கள். எவ்வளவு அழிக்கலாம், எதனைத் தொடலாகாது என்னும் எல்லையை வகுப்பதே விழுமியமாக இருந்தது.

இடைக்காலச் சான்றுகளுள் உத்திரமேரூர்க் கல்வெட்டு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றில் உள்ள மற்றொரு விதி போதிய கவனம் பெறவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டோருள் ஏற்கெனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவர்களும், கல்வியிலும் வயதிலும் மூத்தோரும் சம்வத்சர வாரியத்திற்கு உரியராயினர். தோட்டத்தையும் ஏரியையும் பேணிய பட்டறிவு, ஊரின் பொது ஆட்சிக்குரிய தகுதியாகக் கருதப்பட்டது என்பது இதனால் விளங்கும். நிலம் பேணலைப் பொதுவாழ்விற்குரிய பயிற்சியாகக் கொண்டமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது. அதே வேளையில், இது நிலவுடைமையும் வேதக்கல்வியும் உடைய பிராமணர் சபைக்குரிய விதி என்பதையும் மறத்தலாகாது. ஏரியில் மண் சுமந்தோர் அவ்வாரியத்தில் அமரவில்லை.

குடிமராமத்து இதன் தொடர்ச்சியாகும். ஏரியின் கரை, மதகு, வரத்துக்கால் ஆகியவற்றைப் பயன்பெறுவோரே உழைத்துச் சீர்செய்யும் இவ்வழக்கத்தை, 1858ஆம் ஆண்டு சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் தண்டனைக்குரிய கடமையாக்கியது. வழக்கமாக இருந்தது சட்டமாக எழுதப்படும் நிலையே அவ்வழக்கம் தளர்ந்துவிட்டதற்குச் சான்று. நீரின்மீதான அதிகாரம் வருவாய்த்துறைக்கும் பொதுப்பணித்துறைக்கும் சென்றது. உழைப்பு மட்டும் குடிகளிடம் எஞ்சியது. உரிமை நீங்கிய கடமையைக் குடிகள் மனமுவந்து செய்யவில்லை. 2017இல் தமிழக அரசு இதே பெயரில் ஏரி சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பெயர் மீண்டது, அப்பெயர் குறித்த ஊர்ப்பொது அதிகாரமும் மீண்டதா என்பதே திட்டத்தை மதிப்பிட உரிய அளவுகோலாகும்.

ஹவாய்த் தீவுகள்: ஓர் ஒப்பீடு

நிலத்தைப் பேணுவதன்வழிப் பண்பாட்டைக் கற்பிக்கும் முயற்சி இன்று உலகில் வெளிப்படையாக நடைபெறும் இடங்களுள் ஹவாய் ஒன்று. அங்கு 'ஆயினா' என்னும் சொல் நிலத்தைக் குறிக்கும். உணவளிப்பது என்பது அதன் சொற்பொருள். 'மாலமா ஆயினா' என்பது நிலத்தைப் பேணல். தமிழர்கள் நன்கறிந்த சேப்பங்கிழங்கே அம்மக்களின் முதன்மை உணவு; அதனை அவர்கள் 'கலோ' என்பர். வாக்கேயாவுக்கும் ஹோஓஹோகூகலானிக்கும் பிறந்த முதற்குழந்தை உயிரின்றிப் பிறக்க, அதனைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது என்றும், அடுத்துப் பிறந்த ஹாலோவா மக்களினத்தின் முன்னோன் ஆனான் என்றும் அவர்களின் தொன்மம் கூறுகிறது. இதன்படி சேம்பு மனிதனுக்கு மூத்த உடன்பிறப்பு. மூத்தவர் உணவளிப்பதும் இளையவர் பேணுவதும் முறை. இவ்வுறவு உழவுத் தொழிலைக் குடும்பக் கடமையாக்குகிறது. புன்னை மரத்தை உடன்பிறந்தாளாகக் கருதி அதன் நிழலில் காதலனைச் சந்திக்க நாணும் தலைவியை நற்றிணை காட்டுவது இங்கு நினைக்கத்தக்கது.

ஹவாய் மக்களின் 'குலியானா' என்னும் சொல் உரிமையையும் பொறுப்பையும் ஒருங்கே குறிக்கும். மலையுச்சி முதல் கடல்வரை நீண்ட 'அஹுபுவாஅ' என்னும் நிலப்பிரிவில் நீரைப் பகிர்ந்தோர் அதற்குரிய உழைப்பையும் பகிர்ந்தனர். 1848இல் 'மகேலே' எனப்பெறும் நிலப் பிரிவினை, நிலத்தைத் தனியுடைமையாக்கியது. நிலம் விற்பனைப் பொருளானபின் குடிகளுள் பெரும்பாலோர் நிலமற்றோராயினர். தமிழகக் குடிமராமத்துக்கும் மராட்டியத் தேவராயிக்கும் நேர்ந்ததை இது ஒத்திருத்தல் வெளிப்படை. மூன்று இடங்களிலும் உரிமையும் பொறுப்பும் பிரிக்கப்பட்ட பின்னரே விழுமியம் நலிந்தது.

மீட்பும் அங்கிருந்தே தொடங்கியது. 1941 முதல் அமெரிக்கக் கடற்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக் களமாக இருந்த கஹோஓலவே தீவில், 1976ஆம் ஆண்டு சனவரியில் ஹவாய்ப் பழங்குடி இளைஞர்கள் தடையை மீறி இறங்கினர். தொடர்ந்த போராட்டத்தின் பயனாக 1990இல் குண்டுவீச்சு நிறுத்தப்பட்டது. 1994இல் தீவு ஹவாய் மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1980இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மானோவா வளாகத்தில் கானேவாய் என்னுமிடத்தில் மாணவர்கள் பழைய சேம்பு வயல்களையும் வாய்க்காலையும் மீட்டெடுத்தனர். மொழியும் வழக்காறும் அவ்வயல்களின் சேற்றில் நின்றே இன்றும் கற்பிக்கப்படுகின்றன. பண்பாட்டுத் துறைக்கு வயலும் ஒரு வகுப்பறையாக அமைதல் தமிழ்த்துறைகள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

விழுமியத்தின் மறுபக்கம்

நிலம் பேணும் மரபுகளைப் போற்றும்போது அவற்றின் குறைகளை மறைப்பது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது. சங்ககாலக் காவல்மரம் குலத்தின் மானமாக இருந்தது. அதனால் பகைவர் அதனையே முதலில் வெட்டினர். பழையனின் காவல் வேம்பைச் செங்குட்டுவன் வெட்டியமையைப் பதிற்றுப்பத்து பேசுகிறது. ஆற்றில் மிதந்துவந்த மாங்கனியை உண்ட இளம்பெண்ணை, அது தன் காவல் மாவின் கனி என்பதற்காக நன்னன் கொல்வித்தான். குறுந்தொகை அவனைப் பழியோடு நினைவுகூர்கிறது. மரத்தைக் காத்தல் அதிகாரத்தின் சின்னமாகும்போது அது அறமாக நிலைப்பதில்லை என்பதைச் சங்கப் புலவர்கள் உணர்ந்திருந்தனர்.

தெய்வக்காடுகளிலும் விலக்குகள் உண்டு. மாதவிடாய்க் காலப் பெண்களும் சில இடங்களில் குறிப்பிட்ட சாதியினரும் உள்ளே நுழைதல் தடுக்கப்பட்டது. காக்கும் விதியும் விலக்கும் விதியும் ஒரே தெய்வத்தின் பெயரால் நிலவின. மேலும், அச்சம் ஒன்றே காவலாக இருக்குமிடத்தில் அச்சம் நீங்கியதும் காவலும் நீங்கும். குடகின் தேவரகாடுகளை ஆராய்ந்த சென்னைப் பல்கலைக்கழக மானிடவியலாளர் எம். ஏ. கலாம் 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1905இல் ஏறத்தாழ 15,500 ஏக்கராக இருந்த அக்காடுகள் 1985இல் ஏறத்தாழ 6,300 ஏக்கராகக் குறைந்தன. பக்தி குறையாத மக்களிடையே இவ்விழப்பு நிகழ்ந்தது கருதத்தக்கது. கூரையற்ற கல்தெய்வத்திற்குப் பெருங்கோயில் எழுப்ப அத்தெய்வத்தின் மரங்களையே விற்ற நிகழ்ச்சிகள் மேற்குத்தொடர்ச்சி மலை நெடுகிலும் உண்டு. வழிபாடு வளர, வழிபாட்டின் பொருள் தேய்ந்தது. ஆகவே நம்பிக்கை மட்டும் நிலத்தைக் காப்பதில்லை. அன்றாடப் பேணலும் கூட்டு முடிவும் அதனோடு இணைதல் வேண்டும்.

இன்றைய நிலை

அண்மை ஆண்டுகளில் சட்டம் இம்மரபுகளை ஏற்கத் தொடங்கியுள்ளது. 2002ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களை அறிவிக்க வழிவகுத்தது. அதன்படி 2022 நவம்பரில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் 193.215 ஹெக்டேர் நிலம் தமிழகத்தின் முதல் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழி கல்வெட்டும் சமணப் படுக்கையும் பாண்டியர் குடைவரையும் நீர்ச்சுனைகளும் ஒருங்கே அமைந்த ஊர் அது. 2024 நவம்பரில் அவ்வூரையும் உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்ட செய்தி வெளியானதும் மேலூர் வட்டார மக்கள் எதிர்த்து எழுந்தனர். தமிழகச் சட்டமன்றம் திசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை நீக்கியது. கானி ஊரார் ஓர் ஓடைக்காக நின்றதைப் போலவே இவர்களும் கண்மாய்க்காகவும் குன்றுக்காகவும் நின்றனர். சட்ட அறிவிப்பு இருந்தும் ஏலம் நடந்தது. ஊரார் எழுந்தபின் நின்றது.

2024 திசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், இராசத்தான ஓரண்களை அளவிட்டுக் காடுகளாக அறிவிக்க ஆணையிட்டதோடு, நாடு முழுவதும் தெய்வக்காடுகளுக்கான கொள்கை வகுக்குமாறும் ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைத்தது. 2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியின் வீரன்கோயில் காடு, 4.97 ஹெக்டேர் பரப்புடையது, தமிழகத்தின் இரண்டாம் பாரம்பரியத் தலமாயிற்று. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் காப்பு என்ற பெயரில் பேணும் ஊராரை வெளியே நிறுத்தினால், 1878இன் பிழையே வேறு வடிவில் மீளும்.

நிறைவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில கருத்துகள் பெறப்படுகின்றன. நிலம் பேணல் என்பது விழுமியம் கற்றபின் செய்யும் செயலன்று. விழுமியம் அச்செயலுக்குள்ளேயே உருவாகிறது. தேவராயியின் கௌல் அளவறிதலையும், உத்திரமேரூரின் ஏரி வாரியம் பொதுப்பொறுப்பையும், ஹவாயின் சேம்பு வயல் உறவுணர்வையும் பயிற்றின. இவை நிலைபெறப் பேணும் கடமையும் முடிவெடுக்கும் உரிமையும் ஒரே கையில் இருத்தல் வேண்டும். அவை பிரிந்த இடங்களில் விழுமியம் அச்சமாகவோ வெறுஞ்சடங்காகவோ எஞ்சியது. மரபு வகுத்த விலக்குகளை நீக்கி, அதன் பேணலை மட்டும் கொள்வது இன்றைய தலைமுறையின் பொறுப்பு.

வாகட் போன்ற ஊர்கள் இக்கருத்துகளைச் சோதிக்கும் களங்களாகும். அங்கு இன்று வாழ்வோருள் பெரும்பாலோர்க்கு அந்நிலம் பரம்பரை நிலமன்று. ம்ஹாதோபா குலதெய்வமும் அல்லர். அவர்கள் அருந்தும் நீர் சஹ்யாத்திரிச் சரிவுகளிலிருந்தே வருகிறது. முளா ஆற்றுக்கும் அதன் தலைப்பகுதிக் காடுகளுக்கும் அவர்களும் கடமைப்பட்டவர்களே. பிறந்த மண்ணின்மேல் கொண்ட பற்றைப் பேசுவது எளிது. வந்து சேர்ந்த மண்ணைப் பேணுவதே கடினம். புலம்பெயர்ந்து வாழும் தமிழர் தொகை பெருகிவரும் இந்நாளில் தேவையானதும் அதுவே.

தமிழாய்வு செய்ய வேண்டுவன பல. தமிழகக் கோயில்காடுகள் குறித்துத் தாவரவியலாரும் சூழலியலாரும் கணக்கெடுத்துள்ளனர். அக்காடுகளைச் சார்ந்த வழிபாட்டுச் சொற்கள், பூக்கேட்டல் முறைகள், தடை விதிகள், பெயர்க் காரணக் கதைகள், பெண்களின் பாடல்கள் ஆகியவை காடுகளோடு சேர்த்தே தொகுக்கப்பெறல் வேண்டும். காடு அழிந்தபின் சொல்லைத் தொகுத்தால் அகராதிக்கு ஒரு பதிவு கிடைக்கும். காடு இருக்கும்போதே தொகுத்தால், அச்சொல் அக்காட்டைக் காக்கவும் துணைநிற்கும்.